அவமானம் எடையைக் குறைக்குமா?

1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் ஸ்டீபன் ரிச்சர்ட்சனும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்துப் பதினொரு வயதுக் குழந்தைகள் 640 பேர். ஒவ்வொருவர் முன்பும் ஆறு படங்கள். ஒன்றில் உடற்குறை ஏதுமில்லாத குழந்தை. மற்ற ஐந்தில் ஊன்றுகோலுடன் ஒரு குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகம் சிதைந்த குழந்தை, குண்டான குழந்தை. யாரை ரொம்பப் பிடித்திருக்கிறது, அடுத்து யாரை என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். கடைசி இடம் குண்டான குழந்தைக்குப் போனது.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஜேனட் லாட்னரும் ஆல்பர்ட் ஸ்டங்கர்டும் அதே சோதனையைப் புதிய தலைமுறைக் குழந்தைகளிடம் நடத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் பருமனான குழந்தைகளின் எண்ணிக்கை பெருகிவிட்டிருந்தது. வகுப்புக்கு நாலைந்து பேர் அப்படி இருக்கும்போது பழகிப்போய் வெறுப்பு குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். 2003இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. உடற்குறையற்ற குழந்தைக்கும் குண்டான குழந்தைக்கும் கிடைத்த விருப்பத்தின் இடைவெளி சுமார் 41 சதவீதம் கூடியிருந்தது.

பெரியவர்களின் கதையும் வேறல்ல. அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்ஜரின் பனாஜியும் இணையம் வழியாக நடந்த 44 லட்சம் மனப்பான்மைச் சோதனைகளை அலசினார்கள். 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் இனம், தோல் நிறம், பாலியல் நாட்டம் ஆகியவை குறித்த உள்மனச் சாய்வுகள் குறைந்திருந்தன. முதுமையும் ஊனமும் குறித்தவை பெரிதாக நகரவில்லை. உடல் எடை குறித்த சாய்வு மட்டும் எதிர்த்திசையில் நகர்ந்திருந்தது.

இளையோரின் துன்பங்களுக்கெல்லாம் கைப்பேசியே காரணம் என்று முடிவுகட்டுவோர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லாட்னரின் ஆய்வு வெளியானபோது ஐபோன் பிறக்கவே இல்லை. அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. உருவக்கேலி கைப்பேசிக்கு மூத்தது. அப்படியானால் கைப்பேசி புதிதாக என்ன செய்தது?

ஃபிஜியில் ஓர் அலைவரிசை

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளில் வாட்டசாட்டமான உடம்புக்கு மரியாதை இருந்தது. நம் பாட்டிமார் 'பூசினாப்ல இருக்கா' என்று மெச்சினார்களே, கிட்டத்தட்ட அந்த மனநிலைதான். ஒருவர் மெலிந்தால் வீட்டார் கவலைப்பட்டார்கள். பசியின்மையை நோயாகக் கருதி மூலிகைச் சாறு கொடுத்தார்கள். 1995இல் அங்குள்ள நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த புதிதில் பதின்வயதுப் பெண்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 1998இல் இன்னொன்று நடத்தினார்.

உணவுக் கோளாறுக்கான அறிகுறிகளை ஓர் அளவுக்கு மேல் காட்டிய பெண்கள் முதலில் 12.7 சதவீதம். மூன்றே ஆண்டுகளில் அது 29.2 ஆனது. எடை குறைப்பதற்காக வாந்தி எடுப்பவர்கள் முதலில் ஒருவர்கூட இல்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் அறுபதுக்குச் சற்று மேல்தான், அவர்களும் ஒரே பெண்கள் அல்லர். ஆகவே இந்த எண்களை அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனால் பெக்கர் எடுத்த நேர்காணல்களில் பெண்கள் தாங்களாகவே தொலைக்காட்சி நாயகிகளைச் சுட்டிக்காட்டி, அவர்களைப்போல ஆக வேண்டும் என்றார்கள்.

2011இல் வெளியான அவருடைய அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரு பெண் வீட்டில் எவ்வளவு பார்க்கிறாள் என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதே அவளுடைய உணவுச் சிக்கலோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. திரையில் வரும் உடம்பு நேராகக் கண் வழியே மட்டும் மனதுக்குள் போவதில்லை. தோழிகளின் பேச்சு வழியாகவும் போகிறது.

திரை கைக்குள் வந்தபோது

மனிதர் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள அடுத்தவரோடு ஒப்பிடுகிறார்கள் என்று 1954இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். அதிலும், நம்மைப் போன்றவர்களோடு ஒப்பிடத்தான் அதிகம் விழைகிறோம் என்பது அவர் கருத்து. தொலைக்காட்சி நாயகி எட்டாத தூரத்தில் இருந்தாள். இன்ஸ்டாகிராமில் இருப்பவளோ பக்கத்துத் தெரு, அதே கல்லூரி, அதே வயது. அவளால் முடியும்போது என்னால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. அவள் போட்டது இருபது படங்களில் தேறிய ஒன்று, அதுவும் ஃபில்டருக்குப் பிந்தையது என்பது தெரிந்திருந்தாலும் பெரிய பயன் இல்லை.

தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இன்னொரு முக்கிய வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி நம்மைத் திருப்பிப் பார்க்காது. கைப்பேசியில் பார்ப்பவரே பார்க்கப்படுபவரும் ஆகிறார், கிடைத்த மதிப்பெண்ணும் படத்துக்குக் கீழே லைக்குகளாக நிற்கிறது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் மில்ஸ் குழுவினர் இளம்பெண்களைச் செல்ஃபி எடுத்துப் பதிவேற்றச் சொன்னார்கள். பதிவேற்றாத குழுவினரோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பதற்றம் கூடியது, தன்னம்பிக்கை குறைந்தது. ஒரு பிரிவினருக்குப் படத்தைத் திருத்திக்கொள்ள அனுமதி தந்தார்கள். திருத்தியும் மனம் தேறவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கேமராவே நம்பத்தக்கதல்ல. முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரின் குழு கணக்கிட்டுக் காட்டியது. லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்ற எளிய ஒளியியல்தான் காரணம்.

2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்செஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில் ஓர் எண் உலகெங்கும் பேசப்பட்டது: 32 சதவீதப் பதின்வயதுப் பெண்களுக்கு இன்ஸ்டாகிராம் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணத்தை இன்னும் மோசமாக்கியது. பலர் கவனிக்காமல் விட்ட நிபந்தனை ஒன்று அதில் இருக்கிறது. ஏற்கெனவே உடம்பைப் பற்றி வருத்தத்தில் இருந்த பெண்களிடையே கிடைத்த எண் அது. அந்த நிபந்தனை எண்ணின் கனத்தைக் குறைப்பதில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைத்தான் சுட்டுகிறது. ஏற்கெனவே காயம்பட்டவருக்கே கைப்பேசி அதிகம் வலிக்கிறது.

கேலி உடம்புக்குள் போகும் வழி

அந்தக் காயத்தை முதலில் உண்டாக்குவது யார்? அமெரிக்காவில் எடை குறைப்பு முகாம்களுக்கு வந்த 361 பதின்வயதினரை ரெபெக்கா பூல் குழுவினர் விசாரித்தார்கள். 64 சதவீதம் பேர் எடைக்காகப் பள்ளியில் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். கேலி செய்தவர்கள் யார் என்ற கேள்விக்கு உடன்படிப்பவர்கள் என்றவர்கள் 92 சதவீதம். நண்பர்கள் என்றவர்கள் 70. உடற்கல்வி ஆசிரியர் அல்லது பயிற்சியாளர் என்றவர்கள் 42. பெற்றோர் என்றவர்கள் 37. நலம் விரும்பிகளே பட்டியலில் நிறைய இருக்கிறார்கள்.

'சொன்னால்தானே உறைக்கும்' என்பது இவர்கள் எல்லோருடைய நியாயமும். உறைக்கிறதுதான். ஆனால் உறைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். நடாஷா ஷ்வேயும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 73 பெண்கள் பங்கேற்றார்கள். சிலருக்குக் குண்டான பெண்களை மட்டந்தட்டும் சினிமா, தொலைக்காட்சிக் காட்சிகளைக் காட்டினார்கள். நம் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் அத்தகையவற்றுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்களுக்குச் சம்பந்தமில்லாத காட்சிகள். பிறகு நொறுக்குத் தீனியை முன்னால் வைத்தார்கள். பருமனான பெண்களில் மட்டந்தட்டும் காட்சியைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் கலோரி சாப்பிட்டார்கள். அதே குழுவின் பிந்தைய சோதனையில் இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்தவர்களின் உடம்பில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு உயர்ந்தே இருந்தது. கார்ட்டிசால் பசியைத் தூண்டும், இனிப்பையும் கொழுப்பையும் தேட வைக்கும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கும்.

ஒரு நாள் சோதனையை விட்டுப் பல ஆண்டுக் கணக்குக்கு வருவோம். ஜெஃப்ரி ஹங்கரும் ஜேனட் டோமியாமாவும் 2,379 அமெரிக்கச் சிறுமிகளின் தரவை ஆராய்ந்தார்கள். பத்து வயதில் வீட்டாரோ தோழியோ ஆசிரியரோ 'நீ ரொம்பக் குண்டு' என்று சொல்லியிருந்தால், அந்தச் சிறுமி 19 வயதில் உடல்பருமனோடு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 1.66 மடங்கு. பத்து வயதில் அவள் உண்மையில் எவ்வளவு எடை இருந்தாள் என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ஆஞ்சலினா சுட்டினும் அன்டோனியோ டெராச்சியானோவும் ஐம்பது வயதைக் கடந்த அமெரிக்கர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதையே வேறு கோணத்தில் கண்டார்கள். தொடக்கத்தில் பருமனாக இல்லாதவர்களில், எடைக்காகப் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் நான்கு ஆண்டுகளில் பருமனாவதற்கான வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு.

இத்தனைக்கும் கேலியின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. குண்டாக இருப்பது மனவுறுதி இல்லாததால் என்ற நம்பிக்கையில்தான் கேலி நிற்கிறது. 1990இல் ஸ்டங்கர்டின் குழு, பிறந்தபின் வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்த ஒற்றைக்கரு இரட்டையர் 93 இணைகளின் எடையைப் பார்த்தது. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்னாத இந்த இரட்டையரின் உடல் எடைக் குறியீடுகள் நெருக்கமாக ஒத்துப்போயின. ஒப்புமையின் அளவு ஆண்களில் 0.70, பெண்களில் 0.66. சுற்றுச்சூழலுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பழியை ஒருவரின் வாய்க்கட்டுப்பாட்டின் மீது மட்டும் போட முடியாது என்று பொருள்.

கேலியின் இறுதிக் கட்டம் கேலி செய்பவர் தேவைப்படாத கட்டம். அடுத்தவர் சொன்னதை ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறார். ஆய்வாளர்கள் இந்தத் தன்னிழிவை இரண்டு கூறுகளாக அளக்கிறார்கள். ஒன்று, 'நான் இப்படி இருப்பது என் குறைதான்' என்ற சுயமதிப்புச் சரிவு. இன்னொன்று, 'எல்லோரும் என் உடம்பைத்தான் பார்ப்பார்கள்' என்ற பயம். ஒல்லியாக இருப்பவர்களிடமும் இது இருக்கக்கூடும். எடைமுள் காட்டும் எண் மட்டுமே தன்னிழிவைத் தீர்மானிப்பதில்லை.

மணிக்கணக்கு தவறான கணக்கு

இப்போது கைப்பேசிக்கு வருவோம். 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?' என்பதே எல்லாப் பெற்றோரின் முதல் கேள்வி. 2019இல் ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கியும் அமெரிக்க, பிரிட்டன் இளையோர் 3,55,358 பேரின் தரவுகளை அலசினார்கள். இளையோரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது. அதே தரவில் மூக்குக்கண்ணாடி அணிவதற்கும் மனநலக் குறைவுக்கும் இருந்த தொடர்பு இதைவிடக் கூடுதல்.

அதே 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 41 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சுமார் 42,000 குழந்தைகளும் இளைஞர்களும் அடங்கிய தொகுப்பு அது. நான்கில் ஒருவரிடம் கட்டுமீறிய கைப்பேசிப் பயன்பாடு இருந்தது. அவர்களிடம் மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு.

ஒன்று 'ஒன்றுமில்லை' என்கிறது, இன்னொன்று 'மூன்று மடங்கு' என்கிறது. முரண்போலத் தோன்றினாலும் இரண்டும் அளந்தது வேறு வேறு. முதல் ஆய்வு நேரத்தை அளந்தது. இரண்டாவது, கைப்பேசியோடு ஒருவருக்கு இருக்கும் உறவை அளந்தது. பிரிட்டன் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் நடத்தை அடிமைத்தனத்துக்கு ஆறு அடையாளங்கள் சொன்னார்: எந்நேரமும் அதே நினைப்பு, மனநிலையை மாற்றிக்கொள்ள அதை நாடுவது, போதாமல் போய்க்கொண்டே இருப்பது, இல்லாவிட்டால் தவிப்பு, அதனால் உறவிலும் படிப்பிலும் உரசல், விட்டபின் மீண்டும் விழுவது. கைப்பேசிப் பயன்பாட்டை அளக்கும் வினாத்தாள்கள் பல இவற்றைத் தழுவியவை. நாலு மணி நேரம் வீடியோ பாடம் பார்க்கும் மாணவிக்கு இந்த ஆறில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஒரு மணி நேரமே பார்ப்பவனுக்கு ஆறும் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் கேமிங் கோளாறு இருக்கிறது, கைப்பேசி அடிமைத்தனம் இல்லை. எனவே கவனமாக இருப்பவர்கள் அதை நோய் என்று அழைப்பதில்லை, சிக்கலான பயன்பாடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

ஆறு அடையாளங்களில் இரண்டாவதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: மனநிலையை மாற்றிக்கொள்ள அதை நாடுவது. உருவக்கேலியும் கைப்பேசியும் கைகோக்கும் இடம் அதுதான்.

மைதானத்துக்குப் போனால் சிரிப்பார்கள் என்று அஞ்சும் பையன் மைதானத்தைத் தவிர்க்கிறான். எடைக்காக இழிவுபட்ட அனுபவம் கூடக்கூட உடற்பயிற்சியைத் தவிர்க்கும் எண்ணமும் கூடுவதை லெனி வர்த்தானியன் கல்லூரிப் பெண்களிடம் கண்டிருக்கிறார். மைதானம் கைவிட்டுப் போனபின் மிச்சமிருப்பது அறையும் கைப்பேசியும். அங்கே யாரும் அவன் உடம்பைப் பார்ப்பதில்லை. விளையாட்டில் அவன் ஒரு பெயர் மட்டும், உரையாடலில் எழுத்து மட்டும். அவனைப் பொறுத்தவரை அது அடைக்கலம்.

ஆனால் அந்த அடைக்கலத்திலும் ரீல்ஸ் வருகிறது. எதில் விரல் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறதோ அதையே மேலும் தருவது பரிந்துரை நிரலின் வேலை. 'முப்பது நாளில் தொப்பை குறைய' என்ற காணொளியில் நின்றால் அடுத்தடுத்து அதுவே வரும். விருப்பத்தால் நின்றானா வேதனையால் நின்றானா என்பது நிரலுக்குத் தெரியாது. இரவு நீள்கிறது. தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2004இல் சிகாகோவில் ஈவ் வான் காட்டரின் குழு 12 இளைஞர்களிடம் அளந்தது. இரண்டே இரவுகள் நாலு மணி நேரத் தூக்கம். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. மறுநாள் எடை, மறுநாள் கேலி, மறுநாளும் அதே அறை.

தைவானின் லின் சுங்-யிங், ஸ்வீடனில் பணியாற்றும் ஆமிர் பாக்பூர் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஆசிய நாடுகளின் இளையோரிடம் இந்த இரண்டையும் சேர்த்தே அளந்து வருகிறார்கள். கட்டுமீறிய பயன்பாடும் எடை குறித்த தன்னிழிவும் மனத்துயரத்தோடு பிணைந்திருப்பது அவர்களுடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் கேட்ட கேள்விகளின் அடிப்படையிலானவை. எது முதலில் வந்தது என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல இயலாது. சுழலில் எந்த இடத்திலும் ஒருவர் நுழையலாம் என்பதே இப்போதைக்கு நியாயமான வாசிப்பு.

நம் வீடுகளில் இந்தச் சுழல் முழுவதும் ஒரே வசவுக்குள் அடங்கிவிடுகிறது: "எந்நேரமும் அந்தப் போனையே நோண்டிட்டு இரு. உடம்பு ஏன் ஏறாது?" இரண்டு அவமானங்கள் ஒரே மூச்சில். கேட்டவன் எழுந்து எங்கே போவான்? அறைக்குள்தான், போனோடுதான்.

என்ன செய்தால் பலன்

முதலாவது, மணிக்கணக்கு மட்டுமே எல்லாம் அல்ல என்றாலும், அளவைக் குறைப்பது. ஹெலன் தாயும் கேரி கோல்ட்ஃபீல்டும் கனடாவில் 17 முதல் 25 வயதுக்குட்பட்ட 220 மாணவர்களை ஆய்வுக்கு எடுத்தார்கள். எல்லோரும் பதற்றமோ மனச்சோர்வோ ஓரளவு இருந்தவர்கள். பாதிப் பேரை மூன்று வாரங்கள் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் சராசரியாக 78 நிமிடம்வரை வந்தார்கள், மற்றவர்கள் 188 நிமிடம். குறைத்தவர்களுக்குத் தங்கள் தோற்றத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் இருந்த எண்ணம் மேம்பட்டது. யாரும் கைப்பேசியைப் பிடுங்கவில்லை, அவர்கள் சம்மதித்துக் குறைத்தார்கள் என்பதும் முக்கியம்.

இரண்டாவது, சட்டமும் மருத்துவமும். 2022 ஜூலை முதல் நார்வேயில் உடம்பின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்துக்கு முத்திரை கட்டாயம். பணம் வாங்கிப் பதிவிடும் இன்ஃப்ளூயன்சர்களும் இதில் அடக்கம். 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில், உடல்பருமன் குறித்த இழிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று கூட்டறிக்கை விட்டார்கள். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இலேயே தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கலுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. கைப்பேசிச் சிக்கலோடு வரும் இளைஞரிடம் அவர் உடம்பைப் பற்றி வீட்டிலும் வகுப்பிலும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதும், எடைக்காக வரும் இளைஞரிடம் இரவில் போனில் என்ன பார்க்கிறார் என்று கேட்பதும் வழக்கமாக வேண்டும்.

மூன்றாவது, செலவே இல்லாதது. அப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரிகா பெர்கும் சகாக்களும் பெற்றோர் வீட்டில் பேசும் பேச்சை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். எடையைப் பற்றிப் பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது போன்ற ஆபத்தான எடை குறைப்புப் பழக்கங்கள் அதிகம் இருந்தன. எடையைத் தொடாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம், பருமனானவர்களிடமும்கூட, அவை குறைவு.

அக்கறை எல்லாப் பெற்றோருக்கும் ஒன்றுதான், வேறுபட்டது பேச்சின் பொருள். "இவ்வளவு சோறா?" என்பதற்குப் பதில் "கீரை வைக்கட்டுமா?" எனலாம். "போனைத் தூக்கி எறியப்போறேன்" என்பதற்குப் பதில் வீட்டில் எல்லோருடைய போனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, இரவு பத்து மணிக்குக் கூடத்தில் சார்ஜில் கிடக்கலாம். பள்ளியில் எடை பார்ப்பதானால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எண்ணைப் படிக்காமல் இருக்கலாம். இவற்றால் ஒரு கிலோகூடக் குறையாமல் போகலாம். ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் மாலை மைதானத்துக்குப் போகத் தயங்காமல் இருக்கலாம். எடை குறைய வேண்டியவருக்கும் அது அங்கிருந்தே குறையத் தொடங்கலாம்.